பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு தோற்பட்டறை: ஆல்பிரட் சாட்டர்ட்டன் வாழ்வும் பணியும்

பூந்தமல்லியிலிருந்து மதுரவாயல், அமைந்தகரை வழியாகச் சென்னை சென்ட்ரல் புகைவண்டி நிலையத்தை நோக்கிப் பேருந்தில் செல்வோர், எழும்பூரைக் கடந்ததும் சாலையோரத்தில் செந்நிறக் கட்டடங்கள் கொண்ட ஒரு வளாகத்தைக் காண்பர். இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரி. 1850-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றுப் பின்னர் அரசின் பொறுப்பில் வந்த கலைத்தொழிற் பள்ளியே அது. ஓவியமும் சிற்பமும் வளர்த்த இடமாகவே அதனை நாம் அறிவோம். ஒரு காலத்தில் அங்கே ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஊறின. செருப்பும் சாலும் தைக்கப்பட்டன. அவற்றை அரசாங்கமே விலைக்கு விற்றது. இதனை இம்மலரைப் புரட்டும் மாணவச் செல்வங்கள் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள்.

அவ்வளாகத்திற்கு மிக அண்மையில் இருப்பது பெரியமேடு. தென்னகத் தோல் வாணிகத்தின் தலைவாசல் அது. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலிருந்தும் திருச்சி, திண்டுக்கல் பகுதிகளிலிருந்தும் பதனிட்ட தோல் கட்டுக் கட்டாக அங்கே வந்திறங்கும். நம் சமுதாயப் பெரியோர் பலருடைய குடும்ப வரலாறு அந்தத் தெருக்களில் எழுதப்பட்டதாகும். என் தாய்வழிப் பாட்டனாரும் அங்கே ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதியவரே. மாலையில் அவர் வீடு திரும்பும்போது அவருடைய சட்டையில் ஆவாரம்பட்டையும் எண்ணெயும் கலந்த ஒரு மணம் வீசும். என் பாட்டியார் அச்சட்டைகளைத் தனியே துவைப்பார். அம்மணத்தை நாங்கள் சிறுவயதில் நாற்றம் என்றோம். பாட்டனார் அதனைப் பரக்கத் என்பார்.

அந்தக் கலைத்தொழிற் பள்ளிக்கும் இந்தப் பெரியமேட்டிற்கும் இடையே ஒரு பாலம் கட்ட முயன்றவர் ஆல்பிரட் சாட்டர்ட்டன். அவர் முயற்சி பாதியில் நின்றது. ஆயினும் அதன் தடம் இன்றளவும் அழியவில்லை.

சாட்டர்ட்டன் 1866-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். இலண்டனில் பொறியியல் கற்றுத் தேர்ந்து, 1888-ஆம் ஆண்டில், இருபத்திரண்டாம் வயதில் சென்னைப் பொறியியற் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். கிண்டிக்குச் செல்லாத அக்காலத்தில் அக்கல்லூரி சேப்பாக்கத்தில் இருந்தது. வந்த சில ஆண்டுகளிலேயே அவர் கவனம் வகுப்பறைக்கு வெளியே சென்றது. கிணற்று நீரை உழவன் எவ்வாறு இறைக்கிறான், ஓர் இணை மாடு ஒரு நாளில் எவ்வளவு நீரை மேலே கொணர்கிறது, அதில் வீணாகும் உழைப்பு எவ்வளவு என்றெல்லாம் அளந்து பார்த்தார். ஏற்றத்தையும் கவலையையும் நம்மவர் பாட்டில் பாடினர். அவற்றை அளவுகோல் கொண்டு ஆராய்ந்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் இவர். நீரிறைப்பைப் பற்றித் தனி நூலும் எழுதினார்.

கலைத்தொழிற் பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்த ஹாவெல் 1896-இல் கல்கத்தாவிற்குச் சென்றபின் அப்பள்ளியின் பொறுப்பு சாட்டர்ட்டனை வந்தடைந்தது. ஹாவெல் இந்தியக் கலையின் உயர்வைப் பேசியவர். சாட்டர்ட்டனோ பட்டறையின் உயர்வைப் பற்றிக் கவலைகொண்டவர். இருவருள் எவர் சிறந்தவர் என்ற ஆய்வு இங்கே வேண்டுவதில்லை. கலைவரலாறு எழுதுவோர் சாட்டர்ட்டனை ஓரத்தில் தள்ளிவிடுவது மட்டும் எனக்கு முறையாகத் தோன்றவில்லை.

1898-ஆம் ஆண்டில் அவர் பள்ளியின் உலோகப் பிரிவில் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் தட்டிப் பழகிய கன்னார் கைகளுக்குப் புதிய உலோகத் தகட்டைக் கொடுத்தார், சுத்தியல் பழையதுதான். பித்தளைப் பாத்திரத்திற்கு அடிக்கடி ஈயம் பூசவேண்டும், அலுமினியத்திற்கு அத்தொல்லை இல்லை. எடையும் குறைவு. இராணுவத்தார் வாங்கினர், பின்னர் இல்லங்களிலும் அது புகுந்தது. 1903-இல் அந்தத் தொழில் ஒரு தனியார் நிறுமத்திற்கு விற்கப்பட்டது. அரசு தொடங்கிக் காட்டவேண்டும், இலாபம் வருமென்று உறுதியானதும் தனியாரிடம் விட்டுவிட்டு விலகவேண்டும் என்பதே அவருடைய கொள்கை. இக்கொள்கையோடுதான் அவர் அடுத்துத் தோலைத் தொட்டார்.

தோலை ஏன் தொட்டார் என்பதை அறிய, அந்நாளைய வாணிக நிலையைச் சற்றே விரித்துரைக்க வேண்டும்.

நம் ஊர்த் தோல்ஷாப்புகளில் வழிவழியாக நடந்துவந்த பதனீடு தாவரப் பதனீடு. பச்சைத்தோலை நீரில் ஊறவைத்து உப்பும் அழுக்கும் நீக்குவர். பிறகு சுண்ணாம்புத் தொட்டியில் இடுவர். மயிர்க்கால் தளர்ந்ததும், சாய்த்து நிறுத்திய வளைந்த மரக்கட்டையின்மேல் தோலை விரித்து, இருபுறமும் பிடியுள்ள மழுங்கற் கத்தியால் மயிரை வழித்துத் தள்ளுவர். கூர்மையான மற்றொரு கத்தியால் உட்புறத்துச் சதையைச் சீவுவர். இவ்வேலையில் கை ஒரு நூலளவு தவறினாலும் தோல் கிழிந்து விலை பாதியாகும். பின்னர்ச் சுண்ணாம்பை நீக்கி, இடித்த ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாட்கள் மாற்றி மாற்றி ஊறவைப்பர். கடுக்காய் நீரில் நனைத்து நிறம் கொடுப்பர். எண்ணெய் தடவி நிழலில் உலர்த்தித் தேய்த்து மென்மையாக்குவர். இப்படி வந்த தோல் ‘கிழக்கிந்தியப் பதனீடு’ என்னும் பெயரில் இலண்டன் சந்தையில் மதிப்புடன் விலைபோயிற்று.

இந்நிலையில் அமெரிக்காவிலிருந்து ஒரு புயல் வந்தது. குரோமிய உப்பைக் கொண்டு தோலைப் பதனிடும் முறைக்கு 1884-இல் சுல்ட்ஸ் என்பார் அங்கே காப்புரிமை பெற்றார். 1893-இல் டென்னிஸ் என்பார் அதனை எளிமையாக்கினார். வாரக்கணக்கில் பட்டைக் குழியில் கிடந்த தோல், ஓரிரு நாட்களில் பதமாயிற்று. மெல்லிய, பளபளக்கும் காலணித்தோலுக்கு ஆட்டுத்தோலே ஏற்றது. அந்த ஆட்டுத்தோலைப் பதனிடாமல் பச்சையாகவே வாங்கிக்கொள்ள அமெரிக்கர் முன்வந்தனர். நல்ல விலையும் கொடுத்தனர். விளைவு யாது? சென்னைத் துறைமுகத்திலிருந்து பச்சைத்தோல் ஏற்றுமதி பெருகியது. பதனிடுவோர்க்குத் தோல் கிடைப்பது அரிதாயிற்று; தோல்ஷாப்புகள் பல மூடப்பட்டன. வணிகர் சிலர் பதனீட்டை விட்டுப் பச்சைத்தோல் வாணிகத்திற்கே மாறினர். வணிகர்க்கு எந்தத் தோல் விற்றாலும் காசு. குழியில் இறங்கி நின்ற கூலியாளுக்கோ பிழைப்புப் போயிற்று.

இதனைக் கண்ட சாட்டர்ட்டன், குரோமியப் பதனீட்டை இம்மண்ணிலேயே செய்து காட்டினாலன்றி இத்தொழில் நிலைக்காது என்று முடிவுசெய்தார். 1903-இல் அரசின் இசைவு கிடைத்தது. கலைத்தொழிற் பள்ளியிலேயே சோதனைகள் தொடங்கின.

அச்சோதனைக்கு வேண்டிய கருவிகளை எண்ணிப் பார்த்தால் வியப்புத் தோன்றும். அச்சாணியில் சுழலும் மரப்பீப்பாய் ஒன்று, உள்ளே தோலைப் புரட்டித் தள்ள மரமுளைகள், சாயமும் குரோமிய நீரும் வைக்க மரத்தொட்டிகள், சுரண்டவும் மெழுகவும் தட்டைத் தகடுகள், தோலை இழுத்து ஆணியடித்துக் காயவைக்கப் பலகைகள், ஆகியவையே அடிப்படைத் தேவைகள். இவற்றுள் நம் தச்சரும் கொல்லரும் செய்யமுடியாதது எதுவுமில்லை. அப்பள்ளியிலோ தச்சுக்கூடமும் உலோகக்கூடமும் முன்பே இருந்தன. கடல்கடந்து வரவேண்டியவை வேதிப்பொருள்களே. குரோமிய நீரில் தோல் நீலப்பச்சை நிறமடையும். உள்வரை பதமாயிற்றா என்றறிய ஒரு சிறு துண்டை நறுக்கிக் கொதிநீரில் இடுவர். பதமாகாத தோல் சுருண்டு பசைபோலாகும். பதமான தோல் இட்டபடியே கிடக்கும். பின்னர் வெங்காரம் முதலிய காரப்பொருளால் அமிலத்தை மாற்றி, சோப்பும் எண்ணெயும் கலந்த கலவையை ஊட்டி மென்மையாக்குவர். பதமறிதல் என்பது நம் கூலியாட்கள் விரலால் உணர்ந்த ஒன்று. அதைக் கொதிநீர்த் துண்டு சொல்லும் காலம் வந்தது.

குரோமியத் தோலைக் கொண்டு சாட்டர்ட்டன் முதலில் எதனைச் செய்யத் துணிந்தார் என்பதுதான் அவருடைய வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. சீமைச் சந்தைக்கான மென்தோலை அவர் முதலில் எண்ணவில்லை. உழவனின் கவலைச் சாலை எண்ணினார்.

கவலையைக் கண்டிராத இளைய தலைமுறைக்காகச் சில சொற்கள். கிணற்றின் விளிம்பில் உருளை பூட்டி, வடக்கயிற்றில் பெரிய சாலைக் கட்டித் தொங்கவிடுவர். சாலின் அடியில் நீண்ட தோற்குழாய் ஒன்று வால்போல் இருக்கும். அதன் நுனியைச் சிறுகயிறு மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். மாடுகள் சரிவில் இறங்கச் சால் மேலேறும். விளிம்பை அடைந்ததும் வால் தொட்டியின்மேல் படிந்து நீரைத் தானே கொட்டும். ஓட்டுபவன் வடக்கயிற்றின்மேல் அமர்ந்து தன் எடையையும் மாட்டுக்குத் துணையாக்குவான். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகள் ஏரியும் கிணறும் சூழ்ந்த சிற்றூர்களாக இருந்த நாட்களில் இவ்வோசை கேட்காத விடியல் இல்லை என்று முதியோர் சொல்வர்.

பட்டையிட்ட தோலுக்கு இதில் ஒரு பெருங்குறை உண்டு. நாள்தோறும் நனைந்தும் காய்ந்தும் கிடந்தால் பட்டைச்சத்து நீரில் கரைந்து வெளியேறும். தோல் விறைக்கும், பிறகு அழுகும். எண்ணெய் ஊட்டிக்கொண்டே இருந்தாலும் விரைவில் தையல் பிரிந்து ஒழுகத் தொடங்கும். கடன்பட்ட உழவனுக்கு ஒரு சாலும் வாலும் பெருஞ்செலவு. குரோமியத்தில் பதமான தோலோ நீரில் கிடந்தாலும் எளிதில் அழுகுவதில்லை. எனவே விலை கூடினாலும் நெடுநாள் உழைத்துச் செலவை ஈடுசெய்யும் என்று சாட்டர்ட்டன் கணக்கிட்டார். நீரிறைப்பை முன்பே அளந்தவராதலால் அவர் கணக்குக் காகிதக் கணக்காக இல்லை. சாலுக்குப் பின் செருப்பு, பூட்ஸ், குதிரைச் சேணம் எனப் பொருள்கள் பெருகின. தோலை அறுக்கும் ரம்பியும் குத்தூசியும் மெழுகிட்ட நூலும் கொண்டு பரம்பரையாகத் தைத்துவந்த அருந்ததியர் கைகளே இப்புதிய தோலையும் தைத்தறிந்தன. அந்தத் தொழிலாளருள் ஒருவர் பெயரைக்கூட நம் வரலாறு பேணவில்லை. சாட்டர்ட்டன் பெயரைப் பேணியதற்காக மகிழும்போதே இக்குறையையும் சொல்லியாக வேண்டும்.

அம்பத்தூர்ப் பக்கத்தில் பை தைக்கும் ஒரு சிறு பட்டறைக்கு, அங்கே பகுதிநேரம் வேலைசெய்த என் மாணவர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். 1960-களில் எழுந்த தொழிற்பேட்டையின் நிழலில் ஒதுங்கிய ஓர் ஓட்டுக்கூரை இடம். தோலின் ஓரத்தை மெல்லியதாகச் சீவும் கத்தி, இரும்பறுக்கும் பழைய இரம்பத்தகட்டைத் தீட்டிச் செய்தது. குத்தூசி, சைக்கிள் ஆரக்கம்பி. பட்டடை, தண்டவாளத் துண்டு. அடியில் கடப்பைக்கல். கடையில் விற்கும் கருவி ஏன் இல்லை என்றேன். இது கைக்குப் பழகியது என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். உள்ளூர்க் கருவியையும் உள்ளூர்க் கையையும் நம்பித் தொடங்கினார் என்பதால், சாட்டர்ட்டனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கடப்பைக்கல் என் நினைவில் வருகிறது.

பெரியமேட்டு வணிகரும் வடஆர்க்காட்டுத் தோல்ஷாப்புக்காரர்களும் இவரைப் பின்பற்றினார்களா? பெரும்பாலோர் பின்பற்றவில்லை. இதனை அறியாமை என்று எழுதிவிடுவது எளிது. நான் அவ்வாறு எழுதமாட்டேன். பட்டைக்குழி வைத்திருப்பவனுக்குப் பட்டை அருகிலுள்ள காட்டில் விளைந்தது, கைமுதல் குறைவு, கெட்டுப்போனாலும் இழப்பு ஒரு குழியோடு முடியும். குரோமிய முறைக்கு எந்திரமும் வேதியியல் அறிவும் சீமை மருந்தும் வேண்டும். ஒரு பீப்பாய் கெட்டால் முதலே போகும். பளபளப்பேற்றிய தோலை வாங்கச் சீமையில் ஆள் பிடிக்கவும் வேண்டும். பாட்டன் முப்பாட்டன் காலத்து நம்பிக்கையில் கடன் கொடுத்து வாங்கிய வாணிகம், தெரியாத மருந்தை நம்பி இறங்கத் தயங்கியது இயல்பே. எனினும், தம் பிள்ளைகளில் ஒருவரையேனும் வேதியியல் படிக்க அனுப்பியிருக்கலாம் என்று என் பாட்டனார் பிற்காலத்தில் வருந்தியதுண்டு. அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. இதே தோல் வாணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கு அள்ளித்தந்த ஜமால் முஹம்மது சாஹிபு போன்ற பெருந்தகையாளர் பின்னாளில் நம்மிடையே தோன்றினர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

1908-ஆம் ஆண்டு உதகமண்டலத்தில் கூடிய தொழில் மாநாட்டின் விளைவாகச் சென்னை அரசு தனியே தொழில்துறை ஒன்றை நிறுவியது. சாட்டர்ட்டன் அதன் இயக்குநரானார். தோலோடு கைத்தறி, எண்ணெய் எந்திர நீரிறைப்பு என அவருடைய பணி விரிந்தது. ஆனால் எதிர்ப்பும் உடன் வளர்ந்தது. அரசாங்கமே பட்டறை வைத்துப் பொருள் விற்றால் தனியார் தொழில் என்னாவது என்று ஐரோப்பிய வணிகர் குரலெழுப்பினர். இந்தியச் செயலராக இலண்டனில் அமர்ந்திருந்த மார்லி பிரபு அதற்குச் செவிசாய்த்தார். அரசு தொழிற்கல்வி தரலாம், வாணிகம் செய்யலாகாது என்னும் கருத்தில் 1910 ஜூலையில் ஆணை வந்தது. தனித் துறை கலைக்கப்பட்டது. குரோமியத் தோற்பட்டறை ரீவா சமஸ்தானத்திற்கு விற்கப்பட்டது.

தாம் நட்ட செடி காய்க்கும் பருவத்தில் வேலி பிடுங்கப்பட்டதைக் கண்ட மனிதரின் உள்ளம் எவ்வாறிருந்திருக்கும்? அவர் ஆங்கில ஆட்சியின் அலுவலர். வெளிப்படையாகக் கலகம் செய்பவரல்லர். இந்தியத் தொழில் வளர்ச்சி பற்றி 1912-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் மைசூர் சமஸ்தானத்தின் பணிக்குச் சென்றார். விசுவேசுவரய்யா திவானாகப் பொறுப்பேற்ற ஆண்டும் அதுவே. சென்னை வேண்டாமென்றதை மைசூர் விரும்பி ஏற்றது. அங்கே சந்தன எண்ணெய், சோப்பு முதலிய தொழில்கள் அரசின் கைகளாலேயே எழுந்த காலத்தில் சாட்டர்ட்டன் தொழில், வாணிகத் துறையின் தலைவராக விளங்கினார். சென்னையிலும் 1914-இல் தொழில்துறைக்கு மீண்டும் உயிர் கொடுக்கப்பட்டது. ஆனால் அவர் திரும்பிவந்து அதே பீப்பாயைச் சுழற்றும் நிலை இல்லை.

முதல் உலகப்போர் மூண்டதும் காட்சி மாறியது. படைவீரர் காலணிக்கு மேற்றோல் வேண்டும். ஆவாரம்பட்டையில் பதமான நம் மாட்டுத்தோலை அரசே மொத்தமாக வாங்கிற்று. தொழில் செய்வது அரசின் வேலையன்று என்று சொன்னவர்களே தோலுக்கு விலை குறித்து வாங்கும் வணிகராயினர்! மூடிய தோல்ஷாப்புகள் திறந்தன. இந்தியாவில் தொழில் ஏன் வளரவில்லை என்று ஆராய 1916-இல் ஹாலந்து தலைமையில் அமைந்த தொழில் ஆணையத்தில் சாட்டர்ட்டனும் உறுப்பினரானார். மதன்மோகன் மாளவியா, தோராப்ஜி டாட்டா, பசல்பாய் கரீம்பாய் ஆகியோர் அவருடன் அமர்ந்தனர். தொழில் வளர்ச்சியில் அரசு பங்கேற்கவேண்டும் என்று 1918-இல் அவ்வாணையம் பரிந்துரைத்தது. எட்டாண்டுகளுக்கு முன் சாட்டர்ட்டன் செய்தது குற்றமன்று என்று அதிகாரத்தின் வாயாலேயே சொல்லப்பட்டதாக இதனைக் கொள்ளலாம். 1919-இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது.

குரோமியம் சென்னையை விட்டுப் போய்விடவில்லை. பல்லாவரத்திற்கு அருகே சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் நிறுவிய குரோம் லெதர் ஆலையால் ஓர் ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. விடுதலைக்குப் பின் 1948-இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் தோன்றியது. நாயுடம்மா போன்ற அறிவியலாளர் அதனை உலகறியச் செய்தனர். நம் தோல்ஷாப்புகளில் பட்டைக்குழிகள் அருகிச் சுழலும் பீப்பாய்கள் பெருகின. அதன் விலையையும் நாம் கொடுத்தோம். தோற்கழிவு பாலாற்றில் கலந்து கிணற்று நீர் கெட்ட வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டுமென்றது. கிணற்று நீரை எளிதாக இறைப்பதற்காக எந்தத் தோலை அவர் செய்தாரோ, அந்தத் தோலின் கழிவே கிணற்றைக் கெடுத்தது. இதற்குச் சாட்டர்ட்டனைப் பொறுப்பாக்குவது தகாது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டவர்கள் அவருக்குப் பின் வந்தவர்கள். நம்மவரும் அவர்களுள் இருந்தனர்.

அவருடைய தோற்சாலின் கதையும் சாட்டர்ட்டன் கையாலேயே முடிந்தது. சால் நெடுநாள் உழைக்க வேண்டுமென்று குரோமியத்தோலைத் தேடிய அதே ஆண்டுகளில், எண்ணெய் எந்திரத்தையும் நீரேற்றுக் கருவியையும் கிணற்றங்கரைக்குக் கொண்டுவரப் பாடுபட்டவரும் அவரே. எந்திரம் வென்றது. பிறகு மின்சாரம் வந்தது, கவலை ஓய்ந்தது. 1958-ஆம் ஆண்டில், தொண்ணூறு வயதைக் கடந்து அவர் மறைந்தபோது, சென்னையின் மேற்குச் சிற்றூர்களில் மாடுகள் இறங்கிய சரிவுகள் மண் மூடத் தொடங்கியிருந்தன. பூந்தமல்லிக்கு அப்பால் எங்கள் உறவினர் வீட்டுத் தோட்டத்தில் அப்படியொரு தூர்ந்த கிணறு இருந்தது. அதன் உருளையை எவரோ எடுத்துச் சென்றுவிட்டனர். கூரைச் சந்தில் செருகியிருந்த தோல்வால் ஒன்று மட்டும் நெடுங்காலம் கிடந்தது. ஒருமுறை என் பாட்டனார் அதனை எடுத்து வளைத்துப் பார்த்தார், நுனியை நகத்தால் கீறி மூக்கருகே கொண்டுபோனார், இது நம் பட்டையில்லை என்று சொல்லி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.